நெய்யைக் குறைப்பதா, சோற்றைக் குறைப்பதா?

கறிவேப்பிலை:
அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை நோய் உண்டு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.4 வந்திருக்கிறது. டயட் சார்ட்டில் எண்ணெய், நெய், மஞ்சள் கரு கூடாது. இட்லி, ஓட்ஸ், ராகிக் கஞ்சி, சப்பாத்தி சாப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தம்பியோ பேலியோ (அரிசி, கோதுமையை விட்டுக் கொழுப்பை நம்பும் உணவுமுறை) பைத்தியம். பட்டர் டீ, முட்டை, பனீர், காலிஃபிளவர் சாதம் என்கிறான். வீட்டில் தினமும் சண்டை. எதைக் கேட்பது?

வெண்ணெய்த்தாழி:
தம்பியைக் கேளுங்கள். இட்லி, ஓட்ஸ், ராகி, சப்பாத்தி நாலுமே மாவுதானே? சர்க்கரைக்காரருக்கு மூன்று வேளையும் மாவைக் கொடுத்துவிட்டு, எண்ணெயைப் பார்த்துப் பயப்படச் சொல்கிறார்கள்.

இந்த அறிவுரை எங்கிருந்து வந்தது? 1977-ல் அமெரிக்க செனட்டின் மெக்கவர்ன் கமிட்டி, மொத்தக் கலோரியில் கொழுப்பை 40 சதவீதத்திலிருந்து 30-க்கு இறக்கி, மாவுச்சத்தை 55-60 சதவீதத்துக்கு ஏற்றச் சொன்னது. அது மாட்டிறைச்சியும் வெண்ணெயுமாகச் சாப்பிட்ட நாட்டுக்குச் சொன்னது. ஏற்கெனவே சோற்று மலையைக் குழம்பில் கரைத்துச் சாப்பிடும் நம்மிடம் அதையே சொன்னால் என்ன ஆகும்? அமெரிக்காவிலேயே சுமார் 49,000 பெண்களை வைத்துக் குறை கொழுப்பு உணவைச் சோதித்தார்கள். எட்டு வருடம் கழித்து, 2006-ல் முடிவு வந்தது. மாரடைப்பும் குறையவில்லை, பக்கவாதமும் குறையவில்லை.

தராசு:
அந்த ஆய்வை எல்லாப் பேலியோ நண்பர்களும் சொல்கிறார்கள், பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். கொழுப்பை 20 சதவீதத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் இலக்கு. அந்தப் பெண்களால் அதை எட்ட முடியவில்லை. ஆறாம் வருடம் 29 சதவீதத்தில் இருந்தார்கள். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கியது மூன்று, நாலு புள்ளிதான். மருந்தைச் சரியாகச் சாப்பிடாமல் மருந்து வேலை செய்யவில்லை என்றால் எப்படி?

பின்லாந்தின் வட கரேலியாவைப் பாருங்கள். 1972-ல் பெக்கா புஸ்காவின் குழு அங்கே வெண்ணெயையும் கொழுப்புப் பாலையும் குறைக்க வைத்தது. நடுவயது ஆண்களின் இதயநோய்ச் சாவு நாற்பது வருடத்தில் 80 சதவீதத்துக்கு மேல் சரிந்தது.

வெண்ணெய்த்தாழி:
அங்கே சிகரெட்டையும் உப்பையும் குறைத்தார்கள், ரத்த அழுத்தத்துக்கு மருந்தும் கொடுத்தார்கள். எல்லாப் புகழும் வெண்ணெயைக் குறைத்ததற்கே போய்விட்டதா?

தராசு:
எல்லாம் இல்லை, பெரிய பங்கு. சிகரெட் விஷயம் சரிதான். ஆனால் பிறவியிலேயே எல்டிஎல் எக்கச்சக்கமாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களில் பலருக்குச் சர்க்கரை இருக்காது, உடல் பருமன் இருக்காது, முப்பது நாற்பது வயதில் மாரடைப்பு மட்டும் வரும். இதற்கு உங்கள் பக்கத்திலிருந்து இதுவரை ஒழுங்கான பதில் வந்து நான் பார்த்ததில்லை. “ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு கொழுப்பு) இறங்கியது, ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) ஏறியது” என்று ரிப்போர்ட் போடுகிறீர்கள். எல்டிஎல் வரியை மட்டும் ஏன் வெட்டிவிடுகிறீர்கள்?

சுக்குக்காப்பி:
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள், 2018-ல் வெளிவந்தது. குறை கொழுப்புக்காரர்கள் 5.3 கிலோ இறங்கினார்கள், குறை மாவுக்காரர்கள் 6 கிலோ. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

வெண்ணெய்த்தாழி:
அதில் இரண்டு அணிக்குமே சீனியும் மைதாவும் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். அதாவது அந்தக் குறை கொழுப்பு உணவு காய்கறியும் பருப்பும். கறிவேப்பிலையின் அப்பாவுக்குக் கொடுத்த இட்லி சார்ட் அல்ல. இன்னொன்று, அது எடைக்கான ஆய்வு. இங்கே கேள்வி சர்க்கரை.

தராசு:
இதை ஒப்புக்கொள்கிறேன், அந்தச் சார்ட் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பதில் பட்டர் டீதானா? ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) என்ற இந்தியச் சர்க்கரை நோய் ஆய்வில் 18,000-க்கும் மேற்பட்டவர்களின் சாப்பாட்டுக் கணக்கை வைத்து 2022-ல் ஒரு கட்டுரை போட்டார்கள், சென்னைக்காரர்களும் அந்தக் குழுவில் உண்டு. மாவுச்சத்தைச் சுமார் 50-55 சதவீதத்துக்கு இறக்கு, புரதத்தை 20-க்குப் பக்கத்தில் ஏற்று, கொழுப்பு கால் பங்கு இருக்கட்டும் என்றார்கள். தட்டில் சோறு பாதியாகி, அந்த இடத்தில் சுண்டல், மீன், முட்டை, கீரை வரும். பேலியோ இல்லாமலே ஹெச்பிஏ1சி இறங்க வழி இருக்கிறது.

வெண்ணெய்த்தாழி:
அது கணிப்பு, சோதனை அல்ல. அதோடு பாதிச் சோறு என்று ஆரம்பிப்பவர்கள் பொங்கலுக்குள் முழுச் சோற்றுக்குத் திரும்பிவிடுவார்கள். அரிசியையே தூக்கினால்தான் நிற்கும்.

கறிவேப்பிலை:
ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. அப்பா க்ளிமிபிரைடு, டபாக்ளிஃப்ளோசின் என்ற இரண்டு சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடுகிறார்.

தராசு:
அப்படியானால் டாக்டரிடம் சொல்லாமல் அரிசியை நிறுத்தவே வேண்டாம். க்ளிமிபிரைடு போட்டுக்கொண்டு மாவைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டபாக்ளிஃப்ளோசினோடு கீட்டோ (மாவை அறவே குறைக்கும் உணவு) போனால் கீட்டோஅசிடோசிஸ், அதாவது ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து. மீட்டரில் சர்க்கரை நார்மலாகக் காட்டும்போதே அது வரும் என்பதுதான் பயம்.

வெண்ணெய்த்தாழி:
இதில் சண்டையே இல்லை. விவரம் தெரிந்த எந்தப் பேலியோக்காரரும் முதலில் மாத்திரைப் பட்டியலைத்தான் கேட்பார். தம்பியிடம் இன்றே சொல்லுங்கள். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்த பிறகு ஆரம்பித்து, மூன்று மாதத்தில் லிப்பிட் டெஸ்ட் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) எடுங்கள். எல்டிஎல் 190 தாண்டினால் வெண்ணெயை நிறுத்தச் சொல்லி நானே எழுதுவேன்.

தராசு:
190 என்பது மற்றவர்களுக்கு. 61 வயதில் சர்க்கரையும் இருந்தால் எல்டிஎல் 70 இருந்தாலே டாக்டர்கள் ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) பேச்சை எடுப்பார்கள். 190 வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?