ஐந்தருவிப் பூங்காவில் பூவும் மலையும் ஒரே படத்தில் வருமா?

பாளைக்காரன்:
போன ஞாயிறு வீட்டோடு குற்றாலம் போயிருந்தோம். ஐந்தருவியில் குளித்துவிட்டு, பக்கத்திலேயே தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்கா இருக்கிறதே, அதற்குள் இரண்டு மணி நேரம் சுற்றினேன். நல்ல சாரல், மலைத் தலையில் மேகம், பாத்தி முழுக்கப் பூ. என்னிடம் இருப்பது கேனான் 200டி, அதோடு வந்த 18-55 ஜூம் லென்ஸ் (18-இல் காட்சி அகலமாக வரும், 55-இல் தூரத்தில் இருப்பது பெரிதாக வரும்). நூறு படத்துக்கு மேல் எடுத்தேன், வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் மனசு ஆறவில்லை. சிவப்புச் செம்பருத்தி எல்லாமே குங்குமத்தைக் கொட்டி வைத்த மாதிரி ஒரே திட்டு, இதழில் ஒரு நரம்புகூடத் தெரியவில்லை. அப்புறம், பூவைத் தெளிவாகப் பிடித்தால் பின்னால் மலை பச்சைப் புகையாகிவிடுகிறது, மலையைப் பிடித்தால் பூ கலங்குகிறது. பார்த்தவுடன் இது குற்றாலம் என்று தெரிய வேண்டும், அதுதான் ஆசை. அடுத்த வாரம் மறுபடி போகிறேன். என்ன செய்யலாம் அண்ணாச்சிமாரே?

தென்காசிச் சாரல்:
தம்பி, செம்பருத்தியில் எல்லாருக்கும் இது நடக்கும். கேமரா சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக வாங்குகிறது. செம்பருத்தி இதழிலிருந்து வருவது பெரும்பாலும் சிவப்பு ஒளி, அதனால் அந்த ஒரு நிறம் மட்டும் நிரம்பி வழிந்துவிடும். மற்ற இரண்டும் குறைவாக இருப்பதால் மொத்த வெளிச்சம் சரியாக இருக்கிற மாதிரிதான் திரையில் தெரியும். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் போகும் ஒளியை, முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) குறைத்து எடுங்கள், மூன்று நிறத்துக்கும் தனித்தனியாக ஹிஸ்டோகிராம் என்கிற ஒளி வரைபடத்தைக் காட்டச் சொல்லி, சிவப்பு வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேமராவே சுருக்கித் தரும் ஜேபெக் வேண்டாம், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே எடுங்கள். நந்தியாவட்டைக்கும் இதே மாதிரி குறைக்கத்தான் வேண்டும். சுற்றிலும் கரும்பச்சை இலை இருப்பதால் கேமரா இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளைப் பூ வெறும் தாளாகிப் போகும்.

காலையிலேயே போய்விடுங்கள். செம்பருத்தி காலையில் விரிந்து பொழுது சாயும்போது சுருண்டுவிடும், மத்தியானம் போனால் பாதி வாடின பூதான் கிடைக்கும்.

வண்ணார்பேட்டை:
மலையும் பூவும் சேர்ந்து வேண்டும் என்று ஏன் அடம்? லென்ஸை 55-இல் வைத்து, பூவை நெருங்கி, பின்னணியை நன்றாகக் கரைத்துவிடுங்கள், பூ தனியாக மின்னும். நான் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் அறிவியல் மையப் பூங்காவில் அப்படித்தான் எடுக்கிறேன். இடம் தெரிய வேண்டுமென்றால் தனியாக ஒன்று எடுத்துக்கொண்டால் ஆயிற்று. அப்படியே தாமிரபரணி ஆற்றங்கரைக்கு இறங்கினால் சுலோச்சன முதலியார் பாலம், 1843-இல் கட்டியது, பதினொரு வளைவு. சாயங்கால வெயிலில் அதன் நிழல் தண்ணீரில் விழும்போது எடுத்துப் பாருங்கள்.

தென்காசிச் சாரல்:
பாலம் சரி, மற்றதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பின்னணியை முழுக்கக் கரைத்துவிட்டால் அது எந்த ஊர்ப் பூவாகவும் இருக்கலாம், அதை வீட்டு மாடித் தொட்டியிலேயே எடுத்துவிடலாமே. பெட்ரோல் போட்டு இவ்வளவு தூரம் வருவது அந்த மலைக்கும் சாரலுக்கும்தானே. தம்பி கேட்டது சரியான கேள்வி.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, லென்ஸை 18-இல் வைத்து எஃப் 11 (லென்ஸ் துளையைச் சிறிதாக்கும் அளவு, முன்னும் பின்னும் அதிகம் தெளிவாகும்), பூவுக்கு இரண்டு மூன்று அடியில் குனிந்து, பூவின் மேல் ஃபோகஸ். மலை லேசாக மங்கும், ஆனால் மலை மலையாகவே தெரியும், மேகம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதுகூடத் தெரியும். ஒரு பூவுக்கு இது போதும். ஆனால் 18-இல் மலை சின்னதாகிவிடும். அது ஓங்கி நிற்க வேண்டுமென்றால் பாத்தியை விட்டு நன்றாகப் பின்னால் வந்து 55-இல் எடுங்கள். பாத்தி முழுப் பூவும் கீழே, மலை அதன் மேலேயே சாய்ந்து நிற்கிற மாதிரி வரும்.

அருவியை நூல் நூலாகக் காட்ட கால் விநாடி ஷட்டர் வைக்கிறார்கள், பூவும் சேர்ந்த படத்தில் அது நடக்காது. சாரல் காற்றில் பூ ஆடிக்கொண்டே இருக்கும். ஷட்டர் வேகம் 1/250 விநாடிக்குக் கீழே இறங்காதீர்கள், அதற்காக ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் அளவு) 800 வரை போனாலும் பரவாயில்லை.

மேலகரத்து அக்கா:
ஏசி காரில் வந்து இறங்கிய உடனே கேமராவை வெளியே எடுக்காதீங்க தம்பி. ஈரக்காற்று பட்டதும் கண்ணாடி பூத்துவிடும். பையை மூடியபடி கால் மணி நேரம் வையுங்கள். பைக்குள் தின்பண்டம் வைக்காதீர்கள், குரங்கு பையோடு தூக்கிக்கொண்டு போய்விடும். நனைந்த இலையெல்லாம் வெள்ளையாகப் பளபளத்தால் போலரைசர் வடிகட்டி ஒன்று மாட்டித் திருப்பிப் பாருங்கள், பச்சை அப்படியே திரும்பி வரும்.

இன்னொன்று, கோபமாகவே சொல்கிறேன். படத்துக்காகப் பாத்திக்குள் கால் வைக்கிறவர்களையும் கிளையை வளைத்துப் பிடிக்கிறவர்களையும் நிறையப் பார்க்கிறேன். களையெடுக்கிற பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து செய்த வேலை அது. பாதையில் நின்று கிடைக்கிற படம் போதும்.

ஐப்பசி, கார்த்திகையிலும் ஒரு தடவை வாங்க. எங்கள் பக்கத்து வேலியில் செங்காந்தள் ஏறியிருக்கும். மாநிலப் பூ, அதை ஒழுங்காக எடுத்த படம் ரொம்பக் குறைவு. முதல் நாள் பச்சையும் மஞ்சளுமாக இருக்கிற இதழ் நாளாக ஆக மஞ்சளை விட்டு முழுச் சிவப்பாகும், ஒரே கொடியில் எல்லா நிறமும் நிற்கும். இலை நுனியே சுருண்டு வேலிக் குச்சியைப் பிடித்திருக்கும், அதையும் சேர்த்து எடுங்கள். கிழங்கு கடும் விஷம், பிள்ளைகளை நோண்ட விடாதீர்கள்.

பாளைக்காரன்:
போய்விட்டு வந்தேன். ஒரு ஸ்டாப் குறைத்ததில் செம்பருத்தி இதழில் நரம்பெல்லாம் வந்துவிட்டது. நடுத்தண்டிலிருந்து உதிர்ந்த மஞ்சள் மகரந்தம் நாலைந்து தூள் இதழில் ஒட்டியிருப்பதுகூடத் தெரிகிறது. மலை 18-இல் சின்னதாகத்தான் வந்தது, பின்னால் வந்து 55-இல் எடுத்ததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு “ஐந்தருவிப் பக்கமா?” என்று கேட்டாள்.

அக்கா, அந்த வேலி எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள், ஐப்பசியில் வருகிறேன்.