1994–96: பாட்டு எந்த வழியாக உங்களிடம் வந்தது?

சென்னை (தொடங்கி வைப்பது)

தொண்ணூறுகளின் நடுவில் வளர்ந்தவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் ஒரே பட்டியலில் வந்து நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், மொட்டைமாடி ஆன்டெனா, பென்சிலால் சுற்றிய காசெட். அதையே திரும்ப எழுத வேண்டாம். அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு பாட்டோ படமோ உங்களிடம் வந்து சேர்ந்தது யார் மூலமாக, எந்தப் பாதையில் என்று மட்டும் சொல்லுங்கள். “அந்தக் காலம் போல வருமா” என்று முடிகிற பதிவுகளை நானே நீக்கிவிடுவேன்.

திருச்சி

காசெட் வாங்கியவர்கள் எழுதுகிற நினைவுகளைப் படித்தால் எனக்குச் சிரிப்பு வரும். நான் விற்ற பக்கத்தில் நின்றவன். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாமா பாட்டுப் பதிவுக் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் அங்கேதான் இருப்பேன்.

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாளில் பட்டியல் வரும். அறுபது நிமிடக் காசெட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். பாட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் மொத்தம் பன்னிரண்டு என்று வாடிக்கையாளர் கணக்குப் போட்டுக்கொண்டு வருவார். பாட்டுகள் அப்படி அளவெடுத்துப் பிறப்பதில்லை. ஒன்று நாலே முக்கால், இன்னொன்று ஆறேகால். கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்தால் மறுநாள் காலையிலேயே சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதனால் மாமா ஒரு நீள நோட்டில் எல்லாப் பாட்டின் நேரத்தையும் எழுதி வைத்திருந்தார். பட்டியல் வந்ததும் நோட்டைப் புரட்டி, எந்தப் பாட்டை எந்தப் பக்கத்தில் போட்டால் நாடா வீணாகாது என்று பென்சிலால் மாற்றி எழுதுவார். மாற்றி எழுதியதைப் பார்த்து ஒரு கல்லூரி மாணவர் கொதித்துப்போனது நினைவிருக்கிறது. முதல் பாட்டு, கடைசிப் பாட்டு இரண்டையும் ஏதோ ஒரு கணக்கோடு அவர் வைத்திருந்தார். யாருக்குக் கொடுக்கப் போகிறார் என்று மாமா கேட்கவில்லை. தொண்ணூறு நிமிடக் காசெட் வாங்கிக்கொள் என்று மட்டும் சொன்னார். வியாபாரி அல்லவா.

இரண்டு மடங்கு வேகத்தில் நகலெடுக்கும் டெக் கடையில் இருந்தது. மாமா அதைத் தொடமாட்டார். அந்த வேகத்தில் எடுத்தால் தாளத்தட்டின் மினுமினுப்பு மங்கிவிடும் என்பார். ரோஜாவுக்குப் பிறகு இந்தத் தொல்லை கூடியது. “கடையில் கேட்டது என் வீட்டு செட்டில் வரவில்லை” என்று ஆட்கள் வந்து நின்றார்கள். 1994-இல் காதலன் வந்தபோது அடிநாதத்துக்கென்றே பெரிய ஸ்பீக்கர் பெட்டி அடித்துக் கொடுக்கும் தச்சர்களுக்கு வேலை குவிந்தது. ரகுமானால் பணம் பார்த்தவர்களில் மரக்கடைக்காரர்களும் உண்டு என்று யாராவது எழுதியிருக்கிறார்களா?

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்போது 1995 என்றாலே எல்லோரும் ரகுமான் என்கிறார்கள். எங்கள் கல்லாவில் விழுந்த பணம் பெரும்பாலும் எண்பதுகளின் இளையராஜாவுக்கும், அன்றைய தேவாவுக்கும். காரணம், எங்கள் பெரிய வாடிக்கையாளர்கள் கல்லூரி மாணவர்கள் இல்லை, தனியார் டவுன் பஸ் ஓட்டுநர்கள். நாள் முழுக்க ஓடி நாடா தேய்ந்துவிடும், திரும்பத் திரும்பப் பதிவுக்கு வருவார்கள். அவர்களுடைய ரசனைக்கு ஓர் இலக்கணம் இருந்தது. ஒருமுறை ஓர் ஓட்டுநர் காசெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “முன்னிசை இவ்வளவு நீளமா? சத்திரத்தில் ஏறினவர் மெயின்கார்டு கேட்டில் இறங்கிவிடுகிறார். அதற்குள் பாடுகிறவர் வாயே திறக்கவில்லை” என்றார். மாமா மறுபேச்சில்லாமல் வேறு பாட்டுகள் போட்டுக் கொடுத்தார். 1995 பொங்கலுக்கு பாட்ஷா வந்த பிறகு ஆட்டோ நிறுத்தங்களிலிருந்து வந்தவர்களுக்குப் பட்டியலே தேவைப்படவில்லை. அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு ஊரில் எந்தப் பாட்டு ஒலித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் செய்தது சட்டப்படி தவறு என்பது மாமாவுக்கு நன்றாகத் தெரியும். திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்ததும், சோதனை வரும் என்ற பேச்சு கடைவீதியில் சுற்றியது. மாமா பெயர்ப்பலகையில் இருந்த ‘பதிவு செய்து தரப்படும்’ என்ற வரியின் மேல் நீல வண்ணம் பூசினார். மழையில் அது வெளுத்து எழுத்து மறுபடி தெரிந்தது. அதற்குள் பேச்சும் அடங்கிவிட்டது.

கோயம்புத்தூர்

பாட்டு மட்டும்தானா? மல்யுத்த வீரர்களின் சீட்டுக்கட்டை மறந்துவிட்டீர்களே. உயரம், எடை, மார்பளவு, புஜம் என்று சீட்டு முழுக்க எண்கள். கேட்ட அளவில் யாருடைய எண் பெரிதோ அவருக்கு வெற்றி. கையில் ஜயண்ட் கான்சாலஸ் இருந்தால் உயரத்தைக் கேட்பது, யோகோசூனா இருந்தால் எடையைக் கேட்பது. நாங்கள் ஆடத் தொடங்கியபோது தெருவில் ஒருவர் வீட்டிலும் கேபிள் கிடையாது. அந்த இரண்டு பேரும் நகர்ந்து பார்த்ததே இல்லை. ஆனால் அங்குலம் வரைக்கும் அளவு தெரியும்.

பிறகு 1996 மார்ச் 9, உலகக்கோப்பை கிரிக்கெட்டில் இந்தியா–பாகிஸ்தான் காலிறுதி. கிராஸ்கட் சாலையில் டி.வி. கடை வாசலில் நின்று பார்த்தேன். வக்கார் யூனிஸின் கடைசி ஓவர்களை ஜடேஜா விளாசி 25 பந்தில் 45 எடுத்தபோது, பின்னால் நின்றவர் என் தோளை உலுக்கிய உலுக்கலில் சட்டைப் பித்தான் தெறித்தது. யாரென்று இன்றுவரை தெரியாது. நாலு நாள் கழித்து கொல்கத்தாவில் இலங்கையிடம் தோற்ற அரையிறுதியைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

கோவில்பட்டி

திருச்சி அண்ணன் சொல்கிற பட்டியல், காசெட் எல்லாம் எங்களுக்கு மேலே ஒரு தட்டு. எங்களுக்குப் பாட்டு வந்த இடம் தீப்பெட்டி ஆபீஸ். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அம்மா அங்கே குச்சி அடுக்கினார்கள். விடுமுறையில் நானும் போவேன். சுவரில் அறைந்த பலகையில் ஒரு ரேடியோ, பெரும்பாலும் திருநெல்வேலி நிலையம், காற்று ஒத்துழைத்தால் இலங்கை வானொலி. எந்தப் பாட்டு வரும் என்பது நம் கையில் இல்லை. வந்ததைக் கேட்க வேண்டியதுதான். கைகள் பாட்டின் வேகத்துக்குத் தானாக மாறும். குத்துப்பாட்டு வந்தால் குச்சி அடுக்கும் மரச்சட்டம் சீக்கிரம் நிறையும் என்பதைக் கணக்குப்பிள்ளையும் கண்டுபிடித்துவிட்டார், சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

கருத்தம்மா பாட்டு வந்தால் மட்டும் கதை வேறு. ‘போறாளே பொன்னுத்தாயி’ பாடியதற்காக ஸ்வர்ணலதாவுக்குத் தேசிய விருது கிடைத்தது பின்னால்தான் தெரியும். பெண் குழந்தையைக் கொல்வதைப் பற்றிய படம் அது. ஆபீசில் உட்கார்ந்திருந்ததில் பாதிப் பேர், மூன்றாவதும் பெண்ணா என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஒரு பெரியம்மா அந்தப் பாட்டு முடிகிறவரை அறிவிப்பாளரைத் திட்டிக்கொண்டே இருப்பார். நிறுத்தச் சொன்னதில்லை.

எங்களிடம் சொந்தமாக இருந்தது பாட்டுப் புத்தகம். பேருந்து நிலையத்தில் விற்கும், நாலாக மடித்த மட்டமான தாள், விரலில் மை ஒட்டும். கதைச்சுருக்கம் பாதியில் நின்று “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று முடியும். புதுப் பாட்டுகளில் வாத்தியச் சத்தத்துக்குள் சொல் புரியாது, புத்தகத்தைப் பார்த்துத்தான் பாடுவோம். புத்தகத்தில் அச்சுப்பிழை. ஆகவே எங்கள் ஆபீசில் முப்பது பேர் ஒரே பிழையை ஒரே குரலில் பாடினோம். சில பாட்டுகளுக்கு இன்றைக்கும் எனக்கு அந்த வரிதான் வாயில் வருகிறது. உண்மையான வரி மட்டமாக இருக்கிறது என்பது என் தீர்ப்பு.

அண்ணா, ஒரு சந்தேகம். அம்மா பிறகு ஆசைப்பட்டு வாங்கிய கருத்தம்மா காசெட் இன்னும் வைத்திருக்கிறேன். உள்ளே நாடாவை அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு கழன்று விழுந்துவிட்டது. பாட்டு தூரத்திலிருந்து வருவது போல மங்கலாகக் கேட்கிறது. சரிசெய்ய முடியுமா?

யாழ்ப்பாணம், இப்போது டொரொன்டோ

எந்த வழியாக என்று கேட்டீர்கள். எங்களுக்குச் சைக்கிள் வழியாக.

1990இலிருந்து எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. போர்க்காலத்தில் அரசு போட்ட பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். படிக்கிறதற்கு ஜாம் போத்தல் விளக்கு. பாட்டுக் கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லோடு அழுத்தி, அதிலிருந்து இரண்டு வயர் இழுத்து, காசெட்டும் போடக்கூடிய றேடியோவுக்குக் கொடுக்க வேண்டும். பெடலைக் கையால் சுற்றுவது ஒருவருடைய வேலை. எங்கள் வீட்டில் அது நான்தான், கடைக்குட்டி. இரவில் பி.பி.சி. தமிழோசை முடியும்வரை பெரியவர்களுக்காகச் சுற்றினால், அதற்குக் கூலியாக அண்ணா ஒரு பாட்டுப் போட விடுவார். கை உளைந்து வேகம் தளர்ந்தால் எஸ்.பி.பி.யின் குரல் இழுபட்டுத் தடித்துக்கொண்டு போகும். உடனே உள்ளேயிருந்து “சுற்றடா!” என்று சத்தம் வரும். ‘என்னவளே’ பாட்டில் உன்னிகிருஷ்ணனின் உண்மையான குரல் எது என்று எனக்குக் கொழும்புக்கு வந்த பிறகுதான் தெரியும். நான் அறிந்த உன்னிகிருஷ்ணன் ஒவ்வொரு சரணத்திலும் களைத்துப்போவார்.

படம் பார்ப்பது பெரிய ஏற்பாடு. ஜெனரேற்றர், ரி.வி., வீடியோ டெக் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, மண்ணெண்ணெய்க்கு வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, ஒரே இரவில் மூன்று நான்கு படம். கொடுத்த காசு வீணாகக்கூடாதென்று நித்திரை வந்தவர்களையும் தட்டி எழுப்புவார்கள். மூன்றாவது படத்தின் கதையை அடுத்த நாள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லுவோம்.

1995இல் தீபாவளி ஒக்டோபர் 23. அன்றைக்குத் தமிழ்நாட்டில் முத்துவும் குருதிப்புனலும் வெளிவந்தன. எங்களுக்கு அப்போது ஷெல் சத்தம்தான். சரியாக ஒரு கிழமை கழித்து, 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரும் சுற்றுப்புறமுமான வலிகாமம் முழுவதும் எழும்பிக் கிழக்கே தென்மராட்சி நோக்கி நடந்தது. எங்கள் சைக்கிளும் வந்தது, அரிசி மூட்டையோடு, தள்ளிக்கொண்டு. றேடியோவை விட்டுவிட்டு வந்தோம். அண்ணா காசெட்டுகளைச் சாக்கில் கட்டிக் கிணற்றடி வாழைக்குக் கீழே தாட்டுவிட்டு வந்தார். திரும்பிப் போனவர்கள் தோண்டிப் பார்த்ததாகக் கேள்விப்படவில்லை.

முத்து 1998இல் ஜப்பானில் ஓடு ஓடென்று ஓடியது எல்லோருக்கும் தெரியும். நான் அதைப் பார்த்தது ஜப்பான்காரருக்கும் பிந்தி, டொரொன்டோவில் தமிழ்க்கடையில் வாடகைக்கு எடுத்த வீடியோவில். வயிறு நோகச் சிரித்தேன். நல்ல படம்.

திருச்சி

கோவில்பட்டித் தங்கைக்கு. தாராளமாகச் சரிசெய்யலாம். முதலில் காசெட்டின் நான்கு மூலையிலும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். திருகு இருந்தால் கழற்றி, மேல்மூடியை மட்டும் தூக்குங்கள். நாடா சுற்று அப்படியே இருக்க வேண்டும். பஞ்சைச் சாதாரணப் பசையால் ஒட்டாதீர்கள், பசை கசிந்து நாடாவில் ஏறிவிடும். பஞ்சு பழைய உறையோடு கெட்டுப்போயிருக்கும், அதைச் சரிசெய்வதைவிட வேறு காசெட்டின் உறைக்கு நாடாவை மாற்றிவிடுவது எளிது. திருகு இல்லாமல் ஒட்டிய உறை என்றால் விளிம்பில் மெல்லிய கத்தியை விட்டுப் பிளக்க வேண்டும், அதைத் தனியாகச் செய்யாதீர்கள்.

மாற்றியதும் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் மங்கலாக இருந்தால் பெரும்பாலும் செட்டின் ஹெட்டில், அதாவது நாடா உரசிச் செல்லும் இடத்தில், அழுக்கு. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிறு திருகை மிக மெதுவாக, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் ஒலி திறக்கும் இடம் காதுக்கே தெரியும். நன்றாகக் கேட்டதும் அன்றைக்கே கணினியில் ஏற்றிவிடுங்கள்.

திருகு வைத்த காலி உறை என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, மாமா கடையை மூடியபோது எடுத்து வைத்தது. முகவரியைத் தனியாக அனுப்புங்கள். தபால் செலவு என்னுடையது.