ஏலத்தில் போன மவுசரும் புத்தக விலையும்

குமரன், சாட்ஸ்வர்த்:
நேற்று நம் குழுவில் ராஜன் அண்ணா எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "ஏலத்தில் பழைய துப்பாக்கி வாங்குகிறவன் விலைப் புத்தகம் பார்க்கத் தெரியாதவன்" என்று எழுதியிருக்கிறார். அது என்னைச் சொன்னதுதான். போன மாதம் டர்பன் ஏலத்தில் 1896 மாடல் மவுசர் ரைபிள் ஒன்று எடுத்தேன். ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் குடியரசு பெர்லினில் லோவெ கம்பெனியில் செய்து வாங்கியது. குழல் பொருந்தும் முன்வளையத்தில், அந்தக் குடியரசின் டச்சுப் பெயர்ச் சுருக்கமான ஓ.வி.எஸ். என்ற மூன்று எழுத்தும் தெளிவாக நிற்கின்றன. பிடி மரக்கட்டையில் யாரோ ஒரு போயர், அந்தக் காலத்து டச்சு வம்சத்துக்காரர், கத்திமுனையால் தன் பெயரைக் கீறியிருக்கிறார். கடைசி இரண்டு எழுத்து கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்து, விரலால் தடவினால்தான் தெரிகிறது. 42,000 ராண்டுக்குச் சுத்தியல் விழுந்தது. அண்ணா புத்தகத்தைப் புரட்டிவிட்டு 20,000 கூடத் தேறாது என்கிறார். மூன்றாம் தரம் சொல்லும்வரை மூன்று பேர் கையை இறக்கவில்லை. மூன்று பேருக்குமா தெரியாது?

ராஜன், டங்காட்:
தம்பி, நான் பொதுவாகச் சொன்னேன், நீ எடுத்துப் போட்டுக்கொண்டாய். நான் பார்க்கும் ப்ளூ புக், அமெரிக்கத் துப்பாக்கி விலைப் புத்தகம், 1981-லிருந்து வருகிறது. அசல் பூச்சு எத்தனை சதவீதம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, அந்த நிலைக்கு ஏற்ற விலையைப் போடுகிறார்கள். பல விற்பனைகளைப் பார்த்துப் போடும் விலை அது. ஒரு நாள் ஒரு மண்டபத்தில் இரண்டு பேர் வீம்புக்கு ஏற்றிவிட்டது விலை ஆகாது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா? பாகம் மாறாத அசலா என்பது அதில்தான் தெரியும். அதைப் பற்றி ஒரு வரியும் காணோம்.

தம்பு, வெருலம்:
போல்ட் இருக்கட்டும். 42,000 என்றாயே குமரா, அது ஏலக்காரர் கமிஷன் சேர்த்தா, சேர்க்காமலா? சுத்தியல் விழுந்த விலை வேறு, வீட்டுக்கு எடுத்துப் போகும் விலை வேறு. வாங்குகிறவன் கமிஷன் 15 சதவீதம் என்று வை. 6,300 ராண்ட். அந்தக் கமிஷனுக்கு வாட் வரி 945. ஆக, நீ கொடுத்தது 49,245. ராஜன் 20,000-ஐ எதோடு ஒப்பிடுகிறார்? நீ எதோடு ஒப்பிடுகிறாய்? நாற்பது வருசமாக இந்தத் துப்பாக்கிகளோடு கிடக்கிறேன், இதை முதலில் கேட்காமல் பேச்சைத் தொடங்கிய ஒருவரும் சரியான விலை சொன்னதில்லை.

குமரன், சாட்ஸ்வர்த்:
ஐயா, கமிஷன் எல்லாருக்கும் உண்டு. அமெரிக்க ஷெரிப் பாட் காரெட், பில்லி தி கிட் என்ற கொள்ளைக்காரனைச் சுட்ட கோல்ட் ரிவால்வரை 2021-ல் போனாம்ஸ் ஏலம் விட்டது. 20 முதல் 30 லட்சம் டாலர் வரை போகும் என்றார்கள், 60 லட்சத்தைத் தாண்டியது. எந்தப் புத்தகம் அதைச் சொன்னது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

தம்பு, வெருலம்:
அந்த 60 லட்சமும் கமிஷன் சேர்த்ததுதான்! இதைத்தானே கேட்கிறேன். 2018-ல் ஒரு டேனிஷ் கப்பல் தலைவரின் வாக்கர் கோல்ட் ரிவால்வர் 18.4 லட்சம் டாலர் என்று பத்திரிகையெல்லாம் எழுதின. சுத்தியல் விழுந்தது 16 லட்சத்துக்கு. நடுவில் உள்ள 2.4 லட்சம் துப்பாக்கியின் மதிப்பா, ஏலக்காரரின் கூலியா? சொல்.

ராஜன், டங்காட்:
தம்பி சொன்ன அந்த 60 லட்சம் கொலைச் சம்பவத்தின் விலை, ரிவால்வரின் விலை இல்லை. அதே மாடலில் பெயர் தெரியாத ஒன்றை எடுத்து வா, புத்தகம் சரியாகச் சொல்லும்.

சரோஜா, பீனிக்ஸ்:
நீங்கள் மூவரும் லைசென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் மாமனார் மார்டினி-ஹென்றி என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிள் ஒன்று வைத்திருந்தார். எண்ணெய் போட்டுத் துடைத்துப் பழைய வேட்டியில் சுற்றிவைப்பார். அவர் போன பிறகு பெயர் மாற்ற அலைந்து முடியாமல், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை ஒப்படைக்கும் 2020 பொதுமன்னிப்பு சமயத்தில் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டோம். கைக்கு வந்தது ஒரு ரசீது. அமெரிக்கக் கடையில் டாலரில் போட்ட விலையை வைத்து நாங்கள் என்ன செய்வது? இங்கே வாங்கினவனுக்குக்கூட லைசென்ஸ் வரும்வரை துப்பாக்கி வியாபாரியின் பெட்டகத்தில்தானே கிடக்கிறது?

குமரன், சாட்ஸ்வர்த்:
அக்கா, நூறு வருசம் தாண்டியதற்கு லைசென்ஸ் வேண்டாமே. ஏன் கொடுத்தீர்கள்?

தம்பு, வெருலம்:
தவறு. தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் லைசென்ஸ் வேண்டாத பழங்காலத் துப்பாக்கி என்று சொல்வது 1900-க்கு முன் செய்த, குழல் வாய் வழியாக மருந்து இடிக்கும் வகையை. மார்டினி-ஹென்றி பின்புறம் தோட்டா போடுவது. 1879-ல் சூலுக்களோடு நடந்த இசாண்டில்வானா சண்டையில் சுட்டதாகவே இருந்தாலும் லைசென்ஸ் வேண்டும். உன் மவுசருக்கும் அப்படியே. தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒரு பெண்பிள்ளையிடம் சொல்லாதே. ஆனால் சரோஜா, நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்படிக் கொடுத்த துப்பாக்கி உருக்கத்தான் போகும்.

சரோஜா, பீனிக்ஸ்:
கேட்டேன் ஐயா. இரண்டு தடவை போன் செய்தேன். கோயிலில் காவடி வேலை என்று வைத்துவிட்டீர்கள்.

ராஜன், டங்காட்:
தம்பு அண்ணே எல்லாருக்கும் வாத்தியார். தன் கணக்கைக் கேட்டால் மட்டும் காவடி.

தம்பு, வெருலம்:
உன் கணக்கைப் பார்ப்போமா? எட்டு வருசம் முன்னால் எனக்கு விற்றாயே ஒரு ஓ.வி.எஸ். மவுசர். வீட்டில் வைத்து மெழுகைத் துடைத்தால், மேலே சிலி நாட்டுச் சின்னம். ஃப்ரீ ஸ்டேட்டுக்கு வராமலே சிலிக்குத் திருப்பிவிட்ட துப்பாக்கி. அதற்கும் இங்கே போர்க்களம் பார்த்ததற்கும் உன் புத்தகத்தில் ஒரே வரியைக் காட்டி ஒரே விலை வாங்கினாய். அன்றே உன் புத்தகத்தை மூடிவிட்டேன்.

ராஜன், டங்காட்:
சின்னம் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தது. பார்த்துத்தான் வாங்கினீர்கள்.

குமரன், சாட்ஸ்வர்த்:
என்னுடையதில் சிலி கிலி எதுவும் இல்லை. ஏலப் பட்டியலிலேயே போயர்கள் பிரிட்டிஷாரோடு நடத்திய போரில் லேடிஸ்மித் முற்றுகையில் இருந்தது என்று போட்டிருக்கிறது. எங்கள் கொள்ளுத்தாத்தா அந்தப் போரில் இந்திய ஆம்புலன்ஸ் படையில் தூக்குக்கட்டில் சுமந்தவர். அந்த 118 நாள் முற்றுகையின் துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு வருவதற்கு நான் கொடுத்தது அதிகம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ராஜன், டங்காட்:
பட்டியல் எழுதினவன் விற்கிறவன் ஆள். காகிதம் உண்டா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

குமரன், சாட்ஸ்வர்த்:
தாத்தாவையும் சேர்த்துப் பேசுகிறீர்களா?

தம்பு, வெருலம்:
தாத்தாவை விடு. கமிஷன் சேர்த்தா, சேர்க்காமலா? இன்னும் பதில் இல்லை. 42,000-ஆ, 49,245-ஆ?

குமரன், சாட்ஸ்வர்த்:
42,000 ஐயா. சுத்தியல் விழுந்தது 42,000-க்கு. கமிஷன் எவ்வளவு என்பது எனக்கும் ஏலக்காரருக்கும் உள்ளது.

தம்பு, வெருலம்:
அப்போது நீ சொல்வது அரைகுறை விலை. பில்லைப் போடு, பேசலாம்.

ராஜன், டங்காட்:
பில்லோடு போல்ட் எண்ணின் படத்தையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.