சோலைக்கிளி ஸ்பீக்கரோடு சண்டை போட்ட காலை: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

மலைப்பாதை

போன பிப்ரவரி கடைசியில் ஒரு குழுவோடு போயிருந்தேன். கோத்தகிரி, கரைவெட்டி ஏரி, கோடியக்கரை என்று மூன்று நாள். ஒன்பது பேர், ஒரு வேன், ஒரு கைடு. என்னென்ன பார்த்தோம் என்ற பட்டியல் இருக்கட்டும். முதல் நாள் காலை கோத்தகிரி பக்கத்து மலைக்காடான லாங்வுட் சோலையில் நடந்த ஒன்றுதான் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

லாங்வுட் போனவர்களுக்குத் தெரியும், மொத்தமே 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலை. உள்ளே பத்தடி வைத்ததும் குளிரே வேறாக இருக்கும். மணி ஆறரை. நீலகிரிச் சிரிப்பான்கள் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருந்தன. ஒரு திருப்பத்தில் கைடு எல்லோரையும் நிறுத்தினார். பையிலிருந்து கையடக்க ஸ்பீக்கரை எடுத்து, பாசி பிடித்த ஒரு கல்லின் மேல் வைத்து, சோலைக்கிளியின் பாட்டை ஓடவிட்டார். தன் இடத்துக்குள் வேறொரு சோலைக்கிளி வந்துவிட்டதாக நினைத்து அது வெளியே வரும்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன், பெயரில் கிளி இருந்தாலும் அது கிளி இல்லை. மைனாவைவிடச் சின்னது. கருநீல முதுகு, விலாவில் செம்பழுப்பு, தரையோடு தரையாக இலைச் சருகைக் கிளறிக்கொண்டு திரியும். நீலகிரிச் சோலைக்கிளிக்கு நீலகிரியையும் அதற்கு வடக்கே உள்ள சில மலைகளையும் விட்டால் உலகத்தில் வேறு ஊர் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இருப்பது வேறு இனம்.

மூன்று நிமிடத்தில் வந்துவிட்டது. அலகில் ஒரு புழு இருந்தது. கல்லுக்கு இரண்டடி தள்ளி நின்று கேட்டது. புழுவைக் கீழே போட்டுவிட்டுப் பதிலுக்குப் பாடியது. ஸ்பீக்கர் நிற்கவில்லை. இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கல்லின் மேல் ஏறி, ஸ்பீக்கரின் வலையை இரண்டு முறை கொத்தியது. அப்புறம் இறங்கி, கல்லுக்குப் பின்னால் போய்ப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. திரும்ப முன்னால் வந்தது. மறுபடியும் பின்னால் போனது.

கேமராச் சத்தம் மழை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் எடுத்தேன். பின்வரிசையில் ஒருவருக்குப் படம் சரியாக வரவில்லை என்று கைடு மறுபடியும் போட்டார். மறுபடியும். அது ஒவ்வொரு தடவையும் வந்தது.

அந்தப் பறவை கல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த விதம் எனக்கு மறக்கவில்லை. வேறு யாருக்காவது இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஏரிக்கரை

சகோ, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பழியைக் கைடு தலையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் பாட்டைப் போடாமல் இருந்திருந்தால் உங்கள் ஒன்பது பேரில் எத்தனை பேர் "காசு வீண்" என்று எழுதியிருப்பார்கள்? வருகிறவர்கள் கையில் பட்டியலோடு வருகிறார்கள். சோலைக்கிளி, சிரிப்பான், நீலகிரி ஈப்பிடிப்பான், கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் எல்லாமே ஒரே காலையில் வேண்டும். மதியம் வண்டி கீழே இறங்கியாக வேண்டும். லைஃபர் (வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கும் பறவை) கிடைக்கவில்லை என்றால் முகம் தொங்கிப்போகிறது.

என் அனுபவம் நேர் எதிரானது. கேரளத்துத் தட்டேக்காட்டில் எங்களுக்குக் கிடைத்த கைடு ஸ்பீக்கரே வைத்திருக்கவில்லை. ஒரு மூங்கில் புதர் ஓரமாகக் குனிந்து கூட்டிப்போய், "அந்தக் காய்ந்த இலைக்கொத்தைப் பாருங்கள்" என்றார். இரண்டு நிமிடம் பார்த்தும் எனக்கு இலைதான் தெரிந்தது. அப்புறம் அந்த இலையில் கோடு போட்ட மாதிரி ஒரு கண் திறந்தது. பகலில் தூங்கும் இரவுப் பறவை, தவளைவாயன் ஜோடி! ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, ஆண் சாம்பலாக, பெண் செம்பழுப்பாக, அலகைச் சுற்றி மீசை மாதிரி மயிர். ஆளுக்கு ஒரு நிமிடம்தான் கொடுத்தார். ஃபிளாஷ் கூடாது என்றார். நான்காவது ஆள் இன்னொரு தடவை பார்க்கக் கேட்டபோது, "அது கண்ணைத் திறந்துவிட்டது, தூங்கவிடுங்கள்" என்று எங்கள் எல்லோரையும் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார்.

எங்களில் இரண்டு பேருக்கு அது பிடிக்கவில்லை. அவர்களில் நானும் ஒருவன். அன்று அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

நாலாவது வளைவு

லாங்வுட் நானும் போயிருக்கிறேன். மழைக்காலத்தில் போனேன், பறவையே காட்டவில்லை, மூடுபனி. ஒரே ஒரு காட்டுமாடு மட்டும் பாதையில் நின்று எங்களைப் பார்த்தது, நாங்கள் வந்த வழியே திரும்பிவிட்டோம். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு, 42 மி.மீ. லென்ஸ்) வாங்குங்கள். 10×50 தூரத்தைக் காட்டும், ஆனால் சோலைக்குள் பறவை பத்தடியில் இருக்கும், கை நடுங்கினால் படம் ஆடும். பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோகும்போது பறவையிலிருந்து பார்வையை எடுக்காதீர்கள். கண் பறவை மேலேயே இருக்கட்டும், பைனாகுலர் நடுவில் வரட்டும். இதை வீட்டு மொட்டை மாடியில் காக்காயை வைத்துப் பழகிக்கொள்ளலாம். உடை மங்கிய பச்சை, பழுப்பு. வெள்ளைச் சட்டை வேண்டவே வேண்டாம். சரசரவென்று சத்தம் போடும் மழைக்கோட்டும் வேண்டாம். ஜூன் முதல் அட்டை இருக்கும். காலுறைக்குள் பேண்ட்டைச் செருகி, மேலே மூக்குப்பொடியும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தடவுவார்கள். ஏறிவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள், நகத்தால் மெல்ல நெம்பி எடுங்கள். கரைவெட்டி மாதிரி ஏரிக்குப் போனால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கரையில் நில்லுங்கள், இல்லாவிட்டால் ஊசிவால் வாத்தும் நாமக்கோழியும் ஒரே கறுப்பாகத் தெரியும். தொப்பி, தண்ணீர் கட்டாயம். ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) இருந்தால் முக்காலியின் காலை முழுக்க நீட்டாதீர்கள், ஏரிக்கரையில் காற்று அடிக்கும். நோட்டுப் புத்தகம் ஒன்று வையுங்கள். போனில் குறித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் மலையில் சார்ஜ் நிற்காது.

உப்பளம்

அண்ணே, அவர் பிப்ரவரியில் போனார். அட்டைக்கு வைத்தியம் அவர் கேட்கவே இல்லை.

எனக்கு நடந்தது கோடியக்கரையில். நானும் குழுவோடுதான் போனேன். உப்பளப் பாத்திகளைத் தாண்டி, சேறு தொடங்கும் இடத்தில் வேனை நிறுத்தினார்கள். பூநாரைகள் அரை மைல் நீளத்துக்கு ஒரு கோடாக நின்றன. முதலில் கானல் என்றே நினைத்தேன். கைடு ஸ்கோப் வைத்துக் கொடுத்தார். ஒரு பறவையை மட்டும் பத்து நிமிடம் பார்த்தேன். தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, அதே இடத்தில் காலால் சேற்றை மிதித்துக்கொண்டு தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கலங்கி மேலே வந்ததை அலகால் வடிகட்டியது. அதைச் சுற்றித் தண்ணீரில் வட்டமாக ஒரு தடம். பக்கத்துப் பறவைக்கும் ஒரு வட்டம். அப்படி எத்தனையோ வட்டங்கள்.

எங்கள் குழுவில் ஒருவர் பெரிய லென்ஸ் வைத்திருந்தார். பறக்கும் படம் வேண்டும் என்றார். யாரும் எதிர்பார்க்கவில்லை, ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசிக் கைதட்டினார். அந்தக் கோடு முழுக்கத் தண்ணீர் மேல் ஓடத் தொடங்கியது. ஓடி, ஓடி, ஒன்றன்பின் ஒன்றாக மேலே எழுந்தது. இறக்கைக்குள் இருந்த சிவப்பும் கறுப்பும் ஒரே நேரத்தில் திறந்தன. நான் என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்ததில்லை. அதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் நான் அப்போது "ஆஹா" என்றுதான் கத்தினேன்.

கைடு அந்த ஊர்க்காரர். ஒன்றும் பேசவில்லை. ஸ்கோப்பை மடக்கி வேனில் வைத்துவிட்டார். அன்று மாலை வரை ஒரு பறவையின் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. கட்ச் பக்கம் உப்புப் பாலையில் குஞ்சு பொரிக்கும் பறவை அது. இங்கே வருவது தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ள. நாங்கள் கிளம்பும்வரை அந்த இடத்துக்கு அவை திரும்பி வரவில்லை. வட்டங்கள் மட்டும் தெரிந்தன.

ஏரிக்கரை சகோ, கைடு பாவம் என்கிறீர்கள். எங்கள் கைடு அன்றே அந்த ஆளைத் திட்டியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். அவர் திட்டியிருந்தால் நாங்களும் சேர்ந்து கேட்டிருப்போம்.

ஏரிக்கரை

அவர் திட்டினால் அடுத்த மாதம் அவரை யார் கூப்பிடுவார்கள்? நீங்கள் அத்தனை பேர் இருந்தீர்கள். வாயைத் திறந்தவர் யார்?

கூந்தன்குளத்துக்காரன்

நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவதை விட்டுவிட்டு நான் சொல்வதைக் கேளுங்கள். எங்கள் ஊரில் கைடு என்று தனியாக ஆள் தேவையே இல்லை. வீட்டு வாசல் வேப்பமரத்திலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டும். எச்சமும் மீன் நாற்றமும் குளம் முழுக்க அடிக்கும், யாரும் முகம் சுளிக்க மாட்டோம். தீபாவளிக்கு வெடி கிடையாது. 1994-இல் சரணாலயம் என்று அறிவித்தார்கள். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே ஊர்க் கட்டுப்பாடு இருந்தது. கோடையில் குளத்து வண்டலை வயலுக்கு அள்ளுவோம், எச்சம் ஊறிய மண், அதற்கு மேல் உரம் வேண்டாம்.

ஒரு நாள் மதியம் ஒரு குழு வந்தது. கூட வந்த கைடு வெளியூர். கூட்டில் தாய் இறக்கையை விரித்துக்கொண்டு நின்றது, குஞ்சுகளுக்கு நிழலுக்காக. அந்த வெயிலில் அது அப்படியே மணிக்கணக்காக நிற்கும். "குஞ்சு தெரியவில்லை, அதைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா?" என்று கைடு என் அப்பத்தாவிடம் கேட்டார். அப்பத்தா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "உன் அம்மாவை நகர்த்தச் சொன்னால் நகர்த்துவியா?" என்று கேட்டாள். அந்தக் குழுவில் ஒரு பெண் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். உப்பளம், அந்தப் பெண்ணை மாதிரி ஒருவராவது எல்லாக் குழுவிலும் இருந்தால் போதும் என்று அப்பத்தா பிறகு சொன்னாள்.

மலைப்பாதை, அன்று மொத்தம் எத்தனை தடவை அந்தப் பாட்டைப் போட்டார்கள்? வரித்தலை வாத்து வந்ததா கரைவெட்டியில்?

மலைப்பாதை

வந்தது அண்ணே. நூறுக்கு மேல் இருக்கும். புள்ளம்பாடி வாய்க்காலில் தண்ணீர் குறைந்திருந்தும் ஏரி நடுவில் நன்றாகவே கிடந்தது. திபெத், மங்கோலியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற பறவை, அதன் தலைப் பட்டையை ஸ்கோப்பில் அவ்வளவு தெளிவாகப் பார்த்தும் என்னால் ரசிக்க முடியவில்லை. கரைவெட்டியும் லாங்வுட்டும் 2024-இல் ஒன்றாகவே ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை என்று கைடு சொன்னார். சோலை எப்படி ஈரநிலம் என்று யாரோ கேட்டார்கள். அந்தச் சோலை பிடித்து வைக்கிற தண்ணீரைத்தான் கீழே பல கிராமங்கள் குடிக்கின்றன என்று அழகாக விளக்கினார். காடு தெரிந்தவர், நல்ல மனிதர். அதனால்தான் எனக்குக் கோபப்படவும் முடியவில்லை.

பாட்டைப் பதினொரு தடவை போட்டார். ஏழாவது தடவையிலிருந்து நான் எண்ணினேன், அதற்கு முந்தியதைப் பிறகு படங்களின் நேரத்தை வைத்துக் கணக்கிட்டேன்.

ஏரிக்கரை கேட்டது எனக்கும் பொருந்தும். நானும் வாயைத் திறக்கவில்லை. அதனால் போன வாரம் கைடுக்குப் போன் செய்தேன். அந்தத் திருப்பத்தில் சோலைக்கிளி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அது இப்போ ஸ்பீக்கருக்கு வர்றதில்லை சார்" என்றார். ஏன் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். கொஞ்சம் பொறுத்து, "பரவாயில்லை சார், நாங்க அடுத்த திருப்பத்துக்கு மாறிட்டோம்" என்றார்.