மறு: ஷிங்கிள் – ஓடா, செதிலா?

> ஷிங்கிளும் கூரையில் போடுவதுதானே. ‘தார் ஓடு’ என்று வைத்து முடித்துவிடலாம்.

ஐயா, வணக்கம்.

ஷிங்கிள் என்ற கூரைத் துண்டுக்குத் தமிழ்ச்சொல் ‘தார் ஓடு’ என்று முடித்திருக்கலாம், அந்த ‘ஓடு’ எனக்குச் செலவு வைக்காமல் இருந்திருந்தால். கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கம் எங்கள் பழைய வீட்டுக் கூரையைப் பிரித்து ஷிங்கிள் போடத் தீர்மானித்தோம். ஆசாரியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “புது மாதிரி ஓடு வருது, சட்டத்தைத் தயார் பண்ணி வையுங்க.” அவர் கைமரத்தின் மேல் ஓரடிக்கு ஒன்றாக ரீப்பர் (குறுக்குப் பட்டி) அடித்து முடித்துவிட்டார். சரக்கு வந்து கட்டைப் பிரித்தால், தோல் செருப்பின் அடிபோலத் துவளும் துண்டுகள். ஒன்றை எடுத்து ரீப்பர் மேல் வைத்தார். நடுவில் தொங்கிப் போனது. “ஓடுன்னுதானே சொன்னிய?” என்றார். அவர்மேல் தப்பே இல்லை. இடவப்பாதி மழைக்கு முன்னால் கூரை முழுக்க ப்ளைவுட் அடிக்க ஓடிய ஓட்டம் தனிக்கதை.

எங்கள் ஊரில் ஓடு என்றால் சுட்ட மண். சீமை ஓட்டின் அடியில் இருக்கும் குமிழ் ரீப்பரைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் ஆணிகூட இல்லாமல் தன் கனத்திலேயே உட்காரும். உடைந்தால் ஒன்றை உருவி இன்னொன்றைச் செருகலாம். ஷிங்கிள் அப்படியல்ல. கண்ணாடி இழை விரிப்பில் தார் ஏற்றி, மேலே கல் குருணை ஒட்டியது. தானாக நிற்காது, கீழே பலகையோ சரிவான கான்கிரீட்டோ வேண்டும். பலகை என்றால் ஆணி. வெயிலில் சூடேறியதும் அடியிலுள்ள பசைப்பட்டை இளகி, கீழ்த் துண்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு நண்பர் சொன்ன ‘தட்டோடு’, மொட்டை மாடித் தளத்தில் பதிக்கும் ஓட்டுக்கு ஏற்கெனவே போய்விட்டது. குடியிருக்கும் வீட்டில் இன்னொருவரை ஏற்ற வேண்டாம்.

என் பரிந்துரை: கூரைச் செதில். சுருக்கமாகச் செதில். எல்லைக்கு அந்தப் பக்கம் மீனின் செதிலைச் செதும்பல் என்பார்கள். எப்படிச் சொன்னாலும் ஒரு மீனைக் காட்டினால் கொத்தனாருக்குப் புரியும். கீழ்ப்பக்கம் மூன்று மடலாக வெட்டிய வழக்கமான துண்டு 12 அங்குல உயரம். அதில் 5 அங்குலம்தான் வெளியே தெரியும். மீதி ஏழும் மேல்வரிக்கு அடியில். ஆணித்தலையும் அங்கேதான் மறைகிறது. ஒன்றின் தலையை அடுத்தது மூடுகிற இந்த வேலைக்குச் செதில் என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. தார்ச்செதில், மரச்செதில், கற்செதில் என்று பொருளை மாற்றி நீட்டவும் வருகிறது. வினைக்கு அலைய வேண்டாம், ‘வேய்தல்’ இருக்கிறது. இறவாரத்தில் முதல் வரிக்குக் கீழே மறைவாக ஒட்டும் வரியை ‘அடிவரி’ எனலாம். அதை விட்டால் மடல்களின் இடைவெளி வழியே தண்ணீர் நேராகப் பலகைக்குப் போகும்.

சிதம்பரம் பொன்னம்பலத்தில் ஆணி அடித்த தகடுகளையும் ஓடு என்றுதானே சொல்கிறோம், 21,600 பொன்னோடு, 72,000 ஆணி என்று மரபுக் கணக்கே உண்டே என்று யாராவது கேட்பீர்கள். நியாயம்தான், என் வாதம் இடிக்கிற இடமும் அதுதான். ஆனால் பொன்னம்பலத்துக்கு யாரும் தவறிப்போய் ரீப்பர் அடித்து வைக்கப் போவதில்லை.

முகட்டில் மடித்துப் போடும் துண்டுக்கு ‘முகட்டுச் செதில்’ சரி. சுவரும் கூரையும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் இறங்காமல் செருகும் தகடான பிளாஷிங்குக்குத்தான் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆசாரி ‘தண்ணித் தகடு’ என்கிறார். ‘நீர்த்தகடு’ என்று திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?