‘ஷேம்லெஸ்’ தொடரை என் அக்காவிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாமா?

ஈசூன் தம்பி எழுதியது:

வணக்கம். சிக்காகோ நகரின் தென்பகுதியில் வாழும் கல்லகர் குடும்பத்தின் கதையைச் சொல்லும் ‘ஷேம்லெஸ்’ என்னும் அமெரிக்கத் தொடரின் ஒன்பதாம் பருவத்தைச் சென்ற வாரம்தான் பார்த்து முடித்தேன். குடியே கதியெனக் கிடக்கும் தந்தை ஃபிராங்க், வருவதும் போவதுமாக இருக்கும் தாய் மோனிக்கா, ஆறு பிள்ளைகள், தம்பி தங்கையர் ஐவரையும் வளர்த்து ஆளாக்கும் மூத்த மகள் ஃபியோனா என்ற அளவில் கதை இங்குப் பலருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பருவத்தின் இறுதியில் ஃபியோனா விமானம் ஏறி ஊரைவிட்டே போய்விடுகிறாள். அதைப் பார்த்த பிறகு இரண்டு நாள் எனக்கு வேலையில் மனம் செல்லவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1983இல் என் அம்மா காலமானபோது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. நடுவில் இரண்டு அண்ணன்மார். அப்பா துறைமுகத்தில் நாள்சம்பளத்துக்கு வேலை பார்த்தார். சம்பளம் வாங்கிய இரவுகளில் அவர் வீடு திரும்புவது அரிது. அக்கா உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் அடுப்படி அலமாரியில் பச்சை நிற மைலோ டின் ஒன்று இருந்தது. வாடகை, மின்சாரம், பள்ளி என்று அக்கா பென்சிலால் எழுதிய மூன்று கடித உறைகள் அதற்குள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு அவற்றைத் தரையில் பரப்பி வைத்துக்கொள்வார். ஓர் உறையிலிருந்து இரண்டு வெள்ளியை எடுத்து இன்னோர் உறையில் வைப்பார். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அதைத் திரும்பவும் பழைய உறையிலேயே வைத்துவிடுவார்.

‘ஷேம்லெஸ்’ஸின் முதல் அங்கத்தில், காலையில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் அமளிக்கு நடுவே, மின்கட்டணத்துக்காக ஒரு பெட்டி கைமாறிக் கைமாறிச் செல்ல, ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ளதை அதில் போடுவார்கள். ஃபிராங்க் தரையில் மயங்கிக் கிடப்பார். அந்தக் காட்சியில்தான் இந்தத் தொடர் என்னைப் பிடித்துக்கொண்டது.

1996இல் அக்காவுக்குத் திருமணமானது. நான் அப்போது தேசிய சேவையில் இருந்தேன். எங்களை விட்டுவிட்டுப் போகிறார் என்ற கோபத்தில் ஏறக்குறைய ஓராண்டு அவரிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. அதற்காக இன்றுவரை நான் மன்னிப்பும் கேட்டதில்லை. இப்போது அவர் தனியாக இருக்கிறார். மாலையில் தொடர்கள் பார்ப்பார். இதை அவரிடம் கொடுக்கலாமா, அல்லது அவர் பட்ட பாட்டை வேடிக்கையாக்கிக் காட்டியதைப் போல ஆகிவிடுமா? ஃபியோனா இல்லாத கடைசி இரண்டு பருவங்களையும் பார்ப்பது தகுமா? முழுவதும் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தெம்பனீஸ் மூத்தவள் எழுதியது:

நானும் ஐந்து பேருக்கு மூத்தவள் என்பதால் உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். என் பதில், கொடுங்கள் என்பதே. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதீர்கள். இந்தத் தொடரில் படுக்கையறைக் காட்சிகளும் போதைப்பொருளும் கெட்ட வார்த்தைகளும் முதல் அங்கத்திலிருந்தே தாராளமாக வருகின்றன. அக்காவும் தம்பியும் ஒரே சோபாவில் அமர்ந்து பார்த்தால் இருவருக்குமே சங்கடம். முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர் தனியாகப் பார்க்கும்படி விட்டுவிடுங்கள்.

வேடிக்கையாக்கிவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள். இல்லாத வீட்டில் சிரிப்பு இருக்காது என்று நினைப்பவர்கள் அப்படிப்பட்ட வீட்டில் வளராதவர்கள். எங்கள் வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்ட இரவில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுவரில் விழுந்த கைநிழல்களை வைத்து நாங்கள் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அதே இரவில்தான் மறுநாள் யாரிடம் கடன் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டும் இருந்தேன். இரண்டும் ஒரே தலைக்குள் ஒரே நேரத்தில் நடக்கும். ‘ஷேம்லெஸ்’ஸின் முதல் நான்கு பருவங்கள் இதை அறிந்தவர்களால் எழுதப்பட்டவை. கோடையில் சிறுகச் சிறுகச் சேர்த்துக் குளிர்காலத்துக்காக அவர்கள் ஒளித்து வைக்கும் பணத்துக்கு ‘அணில் சேமிப்பு’ என்று அந்த வீட்டில் பெயர். இரண்டாம் பருவத்தில் மோனிக்காவும் ஃபிராங்க்கும் அதைக் கண்டுபிடித்துச் செலவழித்துவிடுகிறார்கள். அந்த அங்கம் முழுவதும் சிரிப்பாகவே போகிறது. பணம் போய்விட்டது என்று ஃபியோனாவுக்குத் தெரியவரும்போதுதான் நாம் எதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம் என்பது புரிகிறது.

உங்கள் அக்கா மூன்றாம் பருவத்தை அவசியம் பார்க்க வேண்டும். ஃபிராங்க் ஆத்திரத்தில் தானே குழந்தை நல அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்துவிட, பிள்ளைகள் வெவ்வேறு வீடுகளுக்குப் பிரித்து அனுப்பப்படுகிறார்கள். அவர்களைத் திரும்பப் பெறுவதற்காக ஃபியோனா நீதிமன்றத்தில் நின்று சட்டப்படி பாதுகாவலராகிறாள். அத்தனை ஆண்டுகளாகச் செய்துவந்த வேலைக்கு அவளுக்கு ஒரு பெயர் கிடைப்பது அன்றுதான். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பெயரை யாரும் கொடுத்ததில்லை. “அக்கா பார்த்துக்கொண்டாள்” என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒன்பதாம் பருவத்தின் இறுதியில் அவள் ஃபிராங்க்கிடம் போவதைச் சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளை வளர்க்க நீ உதவினாய் என்ற பொருளில் அவர் ஏதோ சொல்ல, உதவவில்லை, எல்லாவற்றையும் செய்தது நான்தான் என்று அவள் திருத்துகிறாள். குரலை உயர்த்துவதுகூட இல்லை. நான் தொடரை அங்கேயே நிறுத்திவிட்டு, சமையலறைக்குப் போய், பாத்திரங்களைக் கழுவினேன். தன்னிடமிருந்த ஒரு லட்சம் டாலரில் பாதியைத் தங்கை டெபியிடம் விட்டுவிட்டுத்தான் அவள் போகிறாள். அது கைவிட்டுப் போனவள் செய்கிற காரியமன்று. உங்கள் அக்கா 1996இல் போகும்போது எதை விட்டுவிட்டுப் போனார் என்று அண்ணன்மாரிடம் கேட்டுப் பாருங்கள்.

பழைய தொடர் விரும்பி எழுதியது:

இந்தக் கதையின் வேர் சிக்காகோவில் இல்லை என்பதையும் உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள். மூலத் தொடர் பிரிட்டனின் சேனல் 4இல் 2004 முதல் 2013 வரை பதினொரு பருவங்கள் ஒளிபரப்பானது. களம் மான்செஸ்டரில் உள்ள ஒரு குடியிருப்புப் பேட்டை. அதைப் படைத்த பால் அபட், பர்ன்லி நகரில் தாயும் பிறகு தந்தையும் விட்டுச் சென்ற வீட்டில், கருவுற்றிருந்த பதின்ம வயது அக்காவின் பொறுப்பில் வளர்ந்தவர். ஆகவே இது தன்னை வளர்த்த அக்காவை அருகிலிருந்து பார்த்த ஒரு தம்பியின் கதை. நீங்கள் தயங்குவதற்குக் காரணமே இல்லை என்பது என் எண்ணம்.

ஆனால் பிரிட்டிஷ் தொடரில் ஆன்-மேரி டஃப் நடித்த ஃபியோனா இரண்டாம் பருவத்தோடு போய்விடுகிறாள். அதற்குப் பிறகு அது ஃபிராங்க்கின் கதையாகவும் பேட்டையின் கதையாகவும் ஆகிவிடுகிறது. ஃபிராங்க்காக டேவிட் திரெல்ஃபால் எவ்வளவு சிறப்பாக நடித்தாலும் அந்த வீட்டுக்குள் கணக்குப் பார்க்க ஆள் இல்லை. அமெரிக்கத் தொடர், ஃபியோனாவாக நடித்த எமி ரோசமை ஒன்பது பருவங்கள் வைத்திருந்ததே அதன் பெரும் பலம். 2011 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை ஓடிய 134 அங்கங்களில் கடைசி இரண்டு பருவங்கள்தான் அவர் இல்லாதவை.

அவற்றைப் பார்க்கலாமா என்று கேட்டீர்கள். பத்தாம் பருவத்தை வேகமாகக் கடந்துவிடலாம். பதினோராம் பருவத்தைப் பாருங்கள். நோய்த்தொற்றுக் காலத்தில் எடுக்கப்பட்ட அதில் ஃபிராங்க்குக்கு நினைவு மங்கத் தொடங்குகிறது. வீட்டை விற்பதா வேண்டாமா என்று பிள்ளைகள் முட்டிக்கொள்கிறார்கள். இறுதி அங்கத்தில் அவர் கோவிட் கண்டு மருத்துவமனையில் இறக்கிறார். அங்கே ஒரு தாதியை அவர் ஃபியோனா என்று நினைத்துக்கொள்கிறார். பிரிட்டிஷ் தொடரின் இறுதி அங்கத்துக்கு டஃப் திரும்பி வந்தார். அமெரிக்கத் தொடருக்கு ரோசம் திரும்பி வரப் பெருந்தொற்று இடங்கொடுக்கவில்லை. எனக்கு அந்த இல்லாமைதான் பொருத்தமாகப் பட்டது. சாகும் நேரத்தில் அந்த மனிதர் மூத்த மகளைத் தேடுகிறார். அவள் அங்கே இல்லை.

குடும்பச் சேவை ஊழியர் எழுதியது:

மேலே இருவரும் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் உங்கள் அக்காவை அது புண்படுத்தக்கூடும்.

முதல் பருவத்தில், எப்போதோ இறந்துபோன ஜிஞ்சர் அத்தையின் அரசாங்க உதவித்தொகையை ஃபிராங்க் தொடர்ந்து வாங்கிவருவார்; அதிகாரி வீட்டுக்கு வருகிறார் என்றதும் முதியோர் இல்லத்திலிருந்து ஒரு மூதாட்டியை அழைத்துவந்து அத்தையாக உட்கார வைப்பார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஏழைக் குடும்பமென்றாலே ஏமாற்றிப் பிழைப்பவர்கள் என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் இப்படித்தான் நுழைகிறது. என்னிடம் உதவி கேட்டு வரும் வீடுகளில் ஃபிராங்க்குகளைவிட ஃபியோனாக்களே அதிகம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண், தெளிந்த பிளாஸ்டிக் கோப்பு ஒன்றில் தண்ணீர்க் கட்டணம், தம்பியின் பள்ளிக் கடிதம், அப்பாவின் மருத்துவச் சான்றிதழ் என்று தேதி வாரியாக அடுக்கிக் கொண்டுவருவாள். நான் கேட்பதற்கு முன்பே உரிய தாளை எடுத்து நீட்டுவாள். அவள் ஒரு தாளில்கூடப் பொய் சொல்லியிருக்க மாட்டாள்.

இன்னொன்று, நீண்டகாலம் ஓடும் தொடரின் இயல்பிலேயே உள்ள குறை. கதை தொடர வேண்டுமானால் வறுமையும் தொடர வேண்டும். ஃபியோனா உணவகத்தில் பரிமாறத் தொடங்கி அதன் மேலாளராகிறாள், துணி துவைக்கும் கடை ஒன்றை வாங்குகிறாள், அதை விற்றுவிட்டு ஒரு குடியிருப்புக் கட்டடத்தையே வாங்குகிறாள். இத்தனை ஆண்டு உழைப்பையும் ஒன்பதாம் பருவத்தில் ஒரே ஒரு தவறான முதலீட்டோடும் குடியோடும் பறித்துவிடுகிறார்கள். தந்தையின் நோய் மகளையும் பற்றுவது உண்மையில் நடப்பதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு அவசரமாக அவளைக் கீழே தள்ளியது கதையின் தேவைக்காக என்று எனக்குத் தோன்றியது. படிப்படியாக ஏறிவந்த ஒருவர் அதைப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கும். எட்டாம் பருவம் முடிந்ததும் அக்காவை ஒரு முறை அழைத்துப் பேசுங்கள்.

புதிய உறுப்பினர் எழுதியது:

தொடரைக் கொடுப்பது இருக்கட்டும். முதலில் 1996ஐப் பற்றிப் பேசுங்கள். உங்கள் மன்னிப்பை ஃபியோனாவின் வாயிலாகக் கேட்க முடியாது.

ஈசூன் தம்பி மீண்டும் எழுதியது:

பதில் எழுதிய நால்வருக்கும் நன்றி. கடைசிப் பதில்தான் என்னை உறுத்தியது. சனிக்கிழமை அக்காவின் வீட்டுக்குப் போனேன். காப்பி கலக்கிக்கொண்டிருந்தவரிடம், நீங்கள் திருமணமாகிப் போனபோது நான் பேசாமல் இருந்தது தவறு, அக்கா என்று சொன்னேன். அவர் கரண்டியை நிறுத்தவில்லை. உனக்கு அப்போது இருபது வயதுதானே என்றார். சர்க்கரை போதுமா என்று கேட்டார். வேறெதுவும் பேசவில்லை. ஆனால் கிளம்பும்போது மின்தூக்கி வரை வந்தார். வழக்கமாக வாசலோடு நின்றுவிடுவார்.

பெரிய அண்ணனிடமும் கேட்டேன். அக்கா போன அன்று மைலோ டின்னில் மூன்று மாத வாடகை இருந்ததாம். உறையின் மேல் மாதங்களின் பெயரை எழுதியிருந்தாராம். இது எனக்கு இத்தனை ஆண்டுகளாகத் தெரியாது.

தொடரை அவருடைய தொலைக்காட்சியில் போட்டுக் கொடுத்து, எப்படிப்பட்ட காட்சிகள் வரும் என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன். இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். அந்தக் காட்சிகளைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. காலையில் அந்தப் பெட்டியைச் சுற்றிக் கொடுத்தார்களே, கடைசியில் மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, கட்டணம் கட்டப் போதுமானதாக இருந்ததா என்று கேட்டார். நான் கவனிக்கவில்லை என்றேன். அப்படியானால் மறுபடியும் போட்டுப் பார்த்துச் சொல் என்றார்.