புதுப்பிப்பு: பெஸ்ட் சர்வ்ட் கோல்ட் முடிச்சாச்சு

ஜோ அபெர்க்ராம்பியோட இந்த 2009 நாவல் பாதில நிக்குது, விட்டுடவா தொடரவான்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. முடிச்சுட்டேன். பழிவாங்கக் கிளம்புற கதாநாயகி மோன்சாவ விட்டுட்டு, அவகூட சேர்ற ஷிவர்ஸ் பின்னாடி போங்கன்னு ஒருத்தர் சொன்னாருல்ல, அதான் வேலை செஞ்சுது. நல்லவனா மாறணும்னு வடக்குலருந்து கதை நடக்குற கற்பனை நாடான ஸ்டிரியாவுக்கு வர்ற மனுஷன், ஒரு கண்ணு போனப்புறம் அவன் என்னவா ஆகுறான்னு பாத்து மனசு கனத்துப்போச்சு, எனக்கு கதையே அவன்தான். ஆனா மோன்சா பழிவாங்க வச்சிருக்குற ஏழு பேர் லிஸ்ட்ல அந்த பேங்க்காரன கொல்றப்போ சம்பந்தமே இல்லாத அத்தன பேர் விஷத்துல சாகுறது இன்னும் ஜீரணிக்கல. எதிர்பார்க்காதது, மோன்சாவோட தம்பி பென்னா பத்தி தெரியவர்றது, அத இங்க உடைக்கல. இதே உலகத்துல நடக்குற, இதுக்கு முன்னாடி வந்த முதல் மூணு புக் (தி ஃபர்ஸ்ட் லா) படிக்காமலே புரியும், ஆனா ஷிவர்ஸ் மூணாவதுலயே வர்றான், படிச்சிருந்தா இன்னும் வலிக்கும்.